எளாவூர் வளைவில் எருமை

கார்டு: எருமை. அவ்வளவுதான். யார் கேட்டாலும் எருமை குறுக்கே வந்துச்சு, வண்டி நின்னுச்சு. புரிஞ்சுதா கோவிந்தம்மா?

கோவிந்தம்மா: இரு நைனா... இப்பத்தான் வண்டியே கெளம்புது. எறா கூடைய ஓரமா தள்ளிக்கினு உக்காருறதுக்குள்ள கம்பி ஜன்னல்ல மூஞ்ச வெச்சிக்கினு எருமை எருமைன்றே. யாரச் சொல்றே, என்னையா?

கார்டு: வெளையாடாதே. வளைவுல எத்தனை பேர் ஏறினீங்க?

கோவிந்தம்மா: தெனம் ஏறுறவளுங்கதான். நானு, கெங்கம்மா, சந்திரகலா, அப்பால மத்தவளுங்க. உன் கார்டு பெட்டிக்கும் எங்க லேடீஸ் பெட்டிக்கும் நடுவுல ஒத்தப் பலகை. எங்க எறா நாத்தம் உனுக்கு, உன் பீடி நாத்தம் எங்களுக்கு. இன்னா புதுசா கேள்வி கேக்கறே?

சம்பூர்ணம்: எருமைன்னு ஏன் சார் சொல்லணும்?

கார்டு: யாரும்மா அது மூலையில... சம்பூர்ணமா? உனக்குத்தான் காலேஜ் முடிஞ்சிட்டுதே!

சம்பூர்ணம்: முடிஞ்சிட்டுது. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. செயினை இழுத்தாங்க, வண்டி நின்னுது, பொம்பளைங்க ஏறினாங்க. இதுல எருமை எங்கேர்ந்து வந்துது?

கோவிந்தம்மா: ஏய், கம்முனு இருடி. பாக்கியநாதன் கார்டு நம்ம நல்லதுக்குச் சொல்றாரு. கேசு இல்லாம போவுதுன்னா எருமை இன்னா, யானைன்னு கூட சொல்றேன் நானு.

கார்டு: யானை வேணாம். எருமை போதும்.

சம்பூர்ணம்: நம்ம குப்பத்துல எருமையே கெடையாது அத்தை. சுத்தி உப்புத் தண்ணி. எருமை வந்து இன்னாத்த குடிக்கும்?

கார்டு: இந்தப் பொண்ணு வாய் இருக்கே... சரி, புதுப் பொடவை, தோள்ல பை. எங்க பயணம்?

கோவிந்தம்மா: அத்தக் கேளு! பட்டணத்துல வேலைக்கு சேரப் போவுது. ரயில்வேலயே நைனா, ரயில்வேலயே! டிக்கெட்டு குடுக்கற வேலை. எங்க குப்பத்துல மொத பி.ஏ. இது. இனிமே நீயும் அதுவும் ஒரே எடத்துச் சோறு.

கார்டு: ரயில்வேலயா... அடடே! ரொம்ப சந்தோஷம்மா. என் வீட்டுக்காரி விக்டோரியா கிட்ட சொன்னா துள்ளிக் குதிப்பா. ஆனா... அப்போ நீதாம்மா மொதல்ல எருமைன்னு சொல்லணும்.

சம்பூர்ணம்: அதான் ஏன்னு கேக்கறேன்.

கார்டு: முன்னாடி ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஒரு அதிகாரி வராரு. கூடூர்ல ஏறினாரு. கும்மிடிப்பூண்டியில எறங்கி நேரா என்கிட்ட வருவாரு. இந்த வளைவுல ஏன்யா தெனம் வண்டி நிக்குதுன்னு கேப்பாரு. பக்கத்துப் பெட்டி நீங்க, உங்களையும் கேப்பாரு. செயின்னு ஒரு வார்த்தை வந்துச்சோ... இழுத்தது யாருன்னு தோண்டுவாரு. பேர் வாங்காம போக மாட்டாரு. ரயில்வே கேசுல பேர் இருந்தா ரயில்வே வேலை எப்படிம்மா கெடைக்கும்?

கோவிந்தம்மா: ஐயோ... அது பேரு எதுக்கு வருது? இழுத்தது நானு. எழுதிக்கோ. இன்னிக்கு மொறை என்னுது.

கார்டு: என்ன மொறை?

கோவிந்தம்மா: தெரியாத மாதிரி கேக்கறியே! தெனம் ஒருத்தி விடியறதுக்கு முன்ன ரயில் பாலத்து மேல நடந்து எளாவூர் டேஷனுக்குப் போவணும். வெறுங்கையோடதான் போவ முடியும். கட்டைக்குக் கட்டை கீழ தண்ணி தெரியும், கூடைய தூக்கிக்கினு ஒருத்தியும் தாண்ட முடியாது. அவ எளாவூர்ல ஏறி, வளைவாண்ட வந்ததும் செயினை இழுப்பா. மத்தவளுங்க சேத்துல எறங்கி வந்து மேட்டாண்ட கூடையோட நிப்போம். அவ கூடையையும் நாங்களே தூக்கியாந்துடுவோம். இன்னிக்கு பாலம் தாண்டினது நானு.

கார்டு: சரி. உன் காலைக் காட்டு.

கோவிந்தம்மா: இன்னாத்துக்கு?

கார்டு: காட்டுன்னா காட்டு... ம். முட்டி வரைக்கும் சேறு. இன்னும் ஒழுகுது. எளாவூர் பிளாட்பாரத்துல ஏறினவ காலுக்குச் சேறு எங்கேர்ந்து வந்துச்சு?

கோவிந்தம்மா: ம்... அது வந்து... கெங்கம்மா! கெங்கம்மாதான் இழுத்தா. தோ, தலைய ஆட்றா பாரு.

கார்டு: கெங்கம்மா காலும் சேறு.

கோவிந்தம்மா: சந்திரகலா?

கார்டு: அவ இடுப்பு வரைக்கும் சேறு. ஏம்மா, பொய் சொல்றதுன்னா காலைக் கழுவிக்கினு வந்து சொல்லுங்க! இந்தப் பெட்டியிலயே சேறு படாத காலு ஒரு ஜோடிதான். அதுவும் புதுச் செருப்போட பொடவைக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கு.

சம்பூர்ணம்: ஒண்ணும் ஒளியல. தோ பாருங்க. நான்தான் பாலம் தாண்டினேன். நான்தான் இழுத்தேன்.

கோவிந்தம்மா: அடிப் பாவி! ரோட்டுல பஸ் ஏத்தி வுடறேன்னு உங்கப்பன் சொன்னானே... நானு இந்தப் பெட்டியில உன்னைப் பாத்ததும், ஏதோ எளாவூர்ல வந்து ஏறிக்கினேன்னு நெனச்சேனே. இழுத்தது வேற எவளோன்னு... நீயா? புதுப் பொடவையோட அந்தப் பாலத்துலயா?

சம்பூர்ணம்: உன் கால்ல ஆளிச் சிப்பி கிழிச்சு ரெண்டு நாளாச்சு. கட்டுத் துணியில ரத்தம் காயல. நீ பாலத்துல எப்படிப் போவே? நீ போவலன்னா வண்டி நிக்காது. இத்தினி கூடை எறாவும் மேட்டுலயே நாறும். அத நான் பஸ்ஸுல உக்காந்துகினு வேடிக்கை பாக்கணுமா?

கோவிந்தம்மா: ஒரு நாள் நாறினா நாறிட்டுப் போவுது! உன் வேலைய வுடவா அது பெருசு?

சம்பூர்ணம்: எனக்குக் கோவம் வர மாதிரி பேசாத அத்தை. மூணு வருஷம் காலேஜுக்கு இந்த வண்டியில போனேன். என் மொறை வர அன்னிக்கெல்லாம் யாரு நடந்தீங்க? நான் கேட்டா, பாலத்துல நடந்தா படிச்சது மறந்துடும்னு சிரிப்பீங்க. கெங்கம்மா பொன்னேரி கோர்ட்டுல, கோர்ட்டு கலையற வரைக்கும் தரையில உக்காந்துகினு இருந்தாளே, அவ செயினை இழுத்து நிறுத்தின வண்டியிலதானே நான் பரீட்சைக்குப் போனேன்? ஒருத்தியாவது இதுவரைக்கும் அதச் சொல்லிக் காட்டினீங்களா? சொல்லிக் காட்டியிருந்தாலாவது சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன்.

கோவிந்தம்மா: எதுக்குடி சொல்லிக் காட்டணும்... நீ படிக்கறது எங்க எல்லார் ஊட்லயும் வெளக்கு எரியற மாதிரி இருந்துது. அத வுடு. கார்டு சார், அந்தக் கோர்ட்டுக் கதையெல்லாம் பழசு. ரெண்டு பொங்கலா ஒருத்தி மேலயும் கேசு இல்ல. எல்லாம் எங்க பொன்னியம்மா பாத்துக்கினு கீறா. வருஷா வருஷம் அவளுக்குப் பொங்க வெக்கறேன், ‘செயினை இழுத்த கைய கார்டு கண்ணுல காட்டாத தாயே’ன்னு.

கார்டு: ...நல்லா வேண்டிக்கினே, போ.

சம்பூர்ணம்: அந்த அதிகாரி எதுக்கு சார் வராரு? எருமைய பாக்கவா?

கார்டு: கேலி பண்ணாதே, அதுக்குத்தான் வராரு.

சம்பூர்ணம்: இன்னாது?

கார்டு: வேலி போடப் போறாங்க. பாலத்துலேர்ந்து மதகு வரைக்கும், ரெண்டு பக்கமும் முள்ளுக் கம்பி. எருமை உள்ள வராம இருக்க.

கோவிந்தம்மா: வேலியா? அப்பால நாங்க எப்படி மேட்டுல ஏறுறது? நைனா, சொல்லு. கூடைய தலையில வெச்சிக்கினு முள்ளுக் கம்பியத் தாண்டுறதா?

சம்பூர்ணம்: சார், இருங்க... இந்த வளைவுல வண்டி நின்னதுக்கு இத்தினி நாளா இன்னா காரணம் சொல்லிக்கினு இருந்தீங்க?

கார்டு: மொதல்ல சிக்னல் எறங்கலன்னு சொன்னேன். சிக்னல் ஆளு வந்து பாத்துட்டு, என் சிக்னலுக்கு என்னய்யா கொறைன்னு சண்டைக்கு வந்தான். ஓஸ் பைப்பு கழண்டுச்சுன்னேன். மெக்கானிக்கு சட்டையப் புடிக்காத கொறை. பனி மூட்டம்னு சொன்னேன். சித்திரை மாசத்துல ஏதுய்யா பனின்னு மேல கேட்டாங்க. சிக்னலுக்கு ஒருத்தன், பைப்புக்கு ஒருத்தன், தண்டவாளத்துக்கு ஒருத்தன்னு எல்லாத்துக்கும் ரோஷப்பட ஆளு இருக்கு. எருமைக்குத்தான் யாரும் இல்ல. அதனால எருமையோடயே நின்னுட்டேன். டிரைவர் ஆதிகேசவனும், ஆமா, கொம்பு கூட இவ்வளவு நீளம்னு கைய விரிச்சுக் காட்டுவாரு.

கோவிந்தம்மா: ஹா... ஹா... கொம்பு வேறயா!

சம்பூர்ணம்: சிரிக்காத அத்தை! எனக்கு இப்பத்தான் புரியுது. வளைவாண்ட ஒரு நிறுத்தம் வேணும்னு காலேஜ்லேர்ந்து எத்தினி மனு போட்டேன்? கடைசியா இன்னா பதில் வந்துது தெரியுமா சார்? மனப்பாடமா சொல்றேன், கேளுங்க. ‘மேற்படி இடத்தில் பயணிகள் நடமாட்டம் இல்லை. கால்நடைத் தொல்லை மட்டுமே உள்ளது.’ நான் அன்னிக்கு ராத்திரி சோறு திங்கல. நம்மளத்தான் மாடுன்றான்னு நெனச்சி அழுதேன். அது உங்க எருமையா?

கார்டு: ...ஆமாம்மா.

சம்பூர்ணம்: கும்மிடிப்பூண்டியில புதுசா வந்த கம்பெனிக்கு வாசல் வரைக்கும் தண்டவாளம் போட்டுக் குடுத்தாங்க. இரும்பு ஏத்த வண்டி உள்ளயே போவுது. நாங்க கேட்டது ஒரு மண்ணு மேடு, ஒரு பலகை. அதுக்குப் பதிலா முள்ளுக் கம்பி. ஏன்னா அங்க மனுஷங்களே கெடையாது, எருமைதான் கீது!

கோவிந்தம்மா: அவர ஏன்டி திட்றே? நம்மள காப்பாத்தத்தானே சொன்னாரு.

சம்பூர்ணம்: தெரியும். அதான் இன்னும் எரியுது. கெட்டவரா இருந்தா நல்லாத் திட்டிட்டுப் போயிடலாம்.

கார்டு: திட்டினா திட்டிக்கோ. ஆனா கும்மிடிப்பூண்டி வந்துக்கினு இருக்கு. எருமைன்னு சொல்லு. வேலிக்கு அப்பறம் ஒரு வழி பாக்கலாம்.

சம்பூர்ணம்: வேலி நட்டப்பறம் எவன் புடுங்குவான்? மாட்டேன் சார். அந்த அதிகாரி முன்னாடி போய் நிப்பேன். ‘எருமை இல்ல, நான்தான் செயினை இழுத்தேன், பேரு சம்பூர்ணம், பி.ஏ., எங்களுக்கு நிறுத்தம் இல்ல, அதனால இழுத்தேன்’னு சொல்வேன்.

கோவிந்தம்மா: வேணாம் கண்ணு... வேணாம். உன் கால்ல வேணா வுழறேன். உன் வேலை போச்சுன்னா நாங்க இத்தினி நாளு நடந்ததெல்லாம் எதுக்கு?

சம்பூர்ணம்: வேற வேலை தேடிக்கறேன். உனக்கு வேற வழி கீதா? சொல்லு.

கார்டு: செயின்னு மட்டும் சொல்லாதேம்மா. வேற என்ன வேணா சொல்லு. செயின் வேணாம்.

சம்பூர்ணம்: ஏன்? எங்களைப் புடிக்கலன்னு உங்களுக்கு மெமோ வருமா? உங்க பிரமோஷன் போயிடுமா?

கார்டு: பிரமோஷன் இல்ல...

சம்பூர்ணம்: அப்போ இன்னா பயம்? நான் உண்மையச் சொன்னா உங்களுக்கு இன்னா நட்டம்?

கார்டு: நீ சொல்றது உண்மை இல்லம்மா.

சம்பூர்ணம்: இன்னாது? இந்தக் கையால இழுத்தேன் சார்! பலகை மேல ஏறி நின்னு, தொங்கிக்கினு இழுத்தேன்.

கார்டு: சரி. இப்ப இழு.

கோவிந்தம்மா: இன்னா நைனா, பைத்தியமா?

கார்டு: வண்டி நல்ல வேகத்துல போகுது. உன் தலைக்கு மேலதானே செயின் இருக்கு. இழு, நான் சொல்றேன். கேசு எழுத மாட்டேன்.

சம்பூர்ணம்: நான் பயப்படறேன்னு நெனைக்கறீங்களா? தோ...

கோவிந்தம்மா: ஏய்! பாத்து... பாத்து...

சம்பூர்ணம்: இழுத்துட்டேன்.

கோவிந்தம்மா: நிக்கலயே.

சம்பூர்ணம்: கொஞ்சம் நேரம் ஆவும்.

கோவிந்தம்மா: வண்டி போய்க்கினேதான் கீது... நல்லா இழுடி. கெங்கம்மா மாதிரி பூப் பறிக்காத. அன்னிக்கு மழையில அவ சரியா இழுக்காம வண்டி நிக்காமலே போச்சே, அந்த மாதிரி.

சம்பூர்ணம்: தொங்கறேன் அத்தை... முழுசா தொங்கறேன். சார்... ஏன் நிக்கல?

கார்டு: செயின் வேலை செய்யல. இந்த லைன்ல ரொம்பப் பேர் இழுக்கறாங்கன்னு ரெண்டு பொங்கலுக்கு முன்னாடியே உள்ள கழட்டி வுட்டுட்டாங்க. வெளிய பாக்கத்தான் செயின்.

கோவிந்தம்மா: ரெண்டு பொங்கலா...? அப்போ தெனம் வளைவுல வண்டிய நிறுத்துனது யாரு?

சம்பூர்ணம்: சார். அந்தப் பக்கம் உங்க கையாண்ட இன்னா கீது?

கார்டு: பிரேக்கு.

கோவிந்தம்மா: நைனா...!

கார்டு: கத்தாதே, அடுத்த பெட்டிக்குக் கேக்கும். செயினைக் கழட்டின மொத நாளு மழை. கெங்கம்மா இந்தப் பக்கம் இழுத்துக்கினு இருக்கா, வண்டி நிக்காது, எனக்குத் தெரியும். மேட்டுல நீங்க எல்லாம் நிக்கறீங்க. இந்தப் பொண்ணு புஸ்தகத்த தலை மேல வெச்சிக்கினு வண்டி கூடவே ஓடியாருது. ‘டேய் சோமாரி கார்டு, உங்க ஊட்டுப் பொண்ணு நனைஞ்சாத்தான் உனக்குக் கண்ணு தெரியுமா’ன்னு... இன்னும் என்னென்னமோ. விக்டோரியா கிட்ட கூட முழுசா சொல்ல முடியல. மறுநாள் அந்த மேட்டப் பாத்ததும் கை தானா பிரேக்குக்குப் போயிடுச்சு.

சம்பூர்ணம்: நிக்கலன்னு கெங்கம்மாவ ஊரே திட்டினோமே... பாவம், ஒரு மாசம் யார்கிட்டயும் பேசல அவ.

கோவிந்தம்மா: தோ அழுவறா பாரு. அழுவாத கெங்கம்மா, உன் கை நல்ல கைதான்! யோவ் கார்டு, எங்ககிட்ட சொல்லக் கூடாதா? ரெண்டு வருஷமா இருட்டுல அந்தப் பாலத்த தாண்டினோமே!

கார்டு: சொல்லணும்னு தெனம் வாய் வரைக்கும் வரும். கார்டே வண்டிய நிறுத்தறான்னு தெரிஞ்சா அன்னிக்கே என் வேலை போச்சு. உங்ககிட்ட சொன்னா பொன்னேரி சந்தை முழுக்கத் தெரியும்.

கோவிந்தம்மா: எங்க வாய் அப்படியா... ஆமா, அப்படித்தான். அதான் பாத்தேன், ரெண்டு வருஷமா ஆத்தா ரொம்பத்தான் காப்பாத்துறாளேன்னு! நல்லா இருப்பே நைனா. நீயும் விக்டோரியாம்மாவும் நல்லா இருப்பீங்க. ஆத்தாளுக்கு வெச்ச பொங்கல்ல பாதி உனுக்குச் சேர வேண்டியது.

கார்டு: பொங்கல் அப்பறம் தின்னுக்கலாம். தோ, அவுட்டர் சிக்னல். சம்பூர்ணம், இப்பத் தெரிஞ்சுதா? நீ செயின்னு சொன்னா, எந்தச் செயின்னு கேப்பாரு. அப்பறம் பிரேக்கு. அப்பறம் நான்.

சம்பூர்ணம்: நீங்க மேட்டுல எங்களப் பாத்தீங்க. அதனால பிரேக்கு போட்டீங்க. அதான சார் உண்மை?

கார்டு: அதான்.

சம்பூர்ணம்: தண்டவாளத்துல ஆளுங்க நின்னா, ஏத்திடக் கூடாதுன்னு கார்டு நிறுத்தலாமா, கூடாதா?

கார்டு: நிறுத்தலாம்... நிறுத்தணும். ஆனா நின்னவங்க மேல தப்பு எழுதுவாங்களேம்மா.

சம்பூர்ணம்: எழுதட்டும். மனுஷங்கன்னு எழுதித்தானே ஆவணும்? அது போதும். எருமைக்கு வேலி போடுவான். மனுஷங்க தெனம் வந்து நிக்கறாங்கன்னா ஏன்னு ஒருத்தனாவது கேப்பான். அத்தை, காலை இப்படி நீட்டு.

கோவிந்தம்மா: எதுக்கு? ஐயே, இன்னாடி பண்றே... புதுச் செருப்பு! சேத்த வழிச்சி உன் கால்ல ஏன் பூசறே?

சம்பூர்ணம்: நானும் அந்த மேட்டுல நின்னவதான். மூணு வருஷம் நின்னேன். இன்னிக்கு ஒரு நாளு எளாவூர்ல ஏறினதால இல்லன்னு ஆயிடுமா? இன்னும் கொஞ்சம் குடு. பொடவை ஓரத்துலயும் படட்டும்.

கார்டு: உன் வேலைம்மா... இந்தக் கோலத்துல போய் நின்னா...

சம்பூர்ணம்: நீங்க ரெண்டு வருஷம் உங்க வேலைய பிரேக்குல கட்டித் தொங்க வுட்டுக்கினு வந்தீங்க. நான் ஒரு காலைக் கூட நனைக்கக் கூடாதா? அன்னிக்குத் திட்டினதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன் சார். அந்தத் திட்டுதான வண்டிய நிறுத்துச்சு. ஆனா... ரொம்ப நன்றி.

கார்டு: சரி, சரி... கண்ணத் தொடச்சிக்கோ. வண்டி நின்னுடுச்சு. தோ வராரு, நேரா இங்கதான் வராரு.

கோவிந்தம்மா: கெங்கம்மா, சந்திரகலா, எல்லாரும் எழுந்துருங்கடி. பொண்ணு பின்னாடி நில்லுங்க. பொடவைய முட்டிக்கு மேல தூக்கிச் சொருகுங்க, காலு தெரியட்டும்!

அதிகாரி: என்ன பாக்கியநாதன்... இன்னைக்கும் எருமைதானா?

சம்பூர்ணம்: எருமை இல்லீங்க சார். நாங்க.